புகைக்கூண்டை இடிப்பதா? பூசுவதா?

தேசூர் நெசவாளர் வீட்டில் நடந்த ஒரு வழக்கு

"ஆயா! தள்ளிப் போங்க!"

பேத்தி போட்ட கூச்சலில் பாட்டி சட்டென்று பின்வாங்கினார். மறு விநாடி, அடுப்புக்கு மேலே இருந்து ஒரு செங்கல் 'தொப்' என்று விழுந்தது. குழம்புச் சட்டி உடைந்தது. அதைத் தொடர்ந்து கரி மழை கொட்டியது. பாட்டியின் நரைத்த தலை ஒரே நொடியில் கறுத்துவிட்டது.

"ஆயாவுக்கு வயசு குறைஞ்சு போச்சு!" என்று பேத்தி சிரித்தாள்.

பாட்டி சிரிக்கவில்லை. மேலே அண்ணாந்து பார்த்தார். அறுபது ஆண்டுகளாக அவர் வீட்டுப் புகையை வெளியே கொண்டுபோன புகைக்கூண்டு, வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

இந்தச் சம்பவம் நடந்த மூன்றாம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். பட்டு நெசவைப் பற்றி எழுதத்தான் போனேன். ஆனால் பட்டைப் பற்றிப் பேச அந்த வீட்டில் யாரும் தயாராக இல்லை. எல்லோரும் புகைக்கூண்டைப் பற்றியே பேசினார்கள். அதை இடிப்பதா, பூசுவதா, புதிதாகக் கட்டுவதா? இதுதான் அங்கே வழக்கு.

வீட்டுக்காரர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயர் இல்லாமலே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் விறகு அடுப்பும் பழைய புகைக்கூண்டும் இருந்தால், இது உங்கள் வழக்கும்தான்.

தறியும் அடுப்பும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிப் பக்கம் இருக்கிறது தேசூர். சிறிய பேரூராட்சி. சுற்றிலும் நெல்லும் வேர்க்கடலையும் விளையும் பூமி. ஊருக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் கேட்கும். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கிறார்களே, அது ஆரணி நகரில் மட்டும் நெய்யப்படுவது அல்ல. சுற்று வட்டாரத்து ஊர்களிலும் நெசவாளர்கள் தங்கள் வீட்டிலேயே நெய்து கொடுக்கிறார்கள். தேசூரும் அப்படி ஓர் ஊர்.

மற்றவர்களுக்கு வீடு வேறு, வேலை செய்யும் இடம் வேறு. நெசவாளருக்கு இரண்டும் ஒன்றே. இந்த வீட்டிலும் கூடத்தில் தறி இருக்கிறது. அடுத்த கட்டில் அடுப்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர், ஒரு கதவு. அவ்வளவுதான்.

ஆகவே இங்கே புகை கண்ணை எரிப்பதோடு நிற்பதில்லை. கூலியிலும் கை வைக்கிறது.

"போன வருஷம் ஒரு சந்தன நிறச் சேலை நெய்தேன், சார். பதினாறு நாள் வேலை. கொண்டுபோய்க் கொடுத்தால், மடிப்பில் சாம்பல் நிறக் கோடு தெரிகிறது என்றார்கள். கூலியில் பிடித்துக்கொண்டார்கள். நெய்ததில் ஒரு குற்றமும் இல்லை. பாவு மீது புகைக்கரி படிந்திருக்கிறது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது" என்றார் பாட்டியின் மகன். நாற்பத்தைந்து வயது இருக்கும். தறியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

அசல் ஜரிகை என்பது வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம் பூசியது. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது, கறுத்துப் போகும். வறட்டியை எரித்தால் அந்தப் புகையிலும் கந்தகம் உண்டு. வெளிர் நிறப் பட்டில் கரி படிந்தால், அதைத் துடைக்கத் துடைக்க மேலும் பரவும். பட்டு நெய்கிறவர்களுக்கு இதெல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

கூண்டு பிறந்த கதை

இந்தப் புகைக்கூண்டைக் கட்டியவர் பாட்டியின் கணவர். கலியாணம் ஆகிப் பாட்டி இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், புகையில் அவர் கண்கள் சிவந்து வீங்கின. அதைப் பார்த்துவிட்டு, தாமே செங்கல் சுமந்து, களிமண் குழைத்து, கொத்தனாரோடு சேர்ந்து கட்டினார்.

"எங்கள் தெருவிலேயே முதல் புகைக்கூண்டு இதுதான், தம்பி. ஊரே வந்து பார்த்தது" என்றார் பாட்டி. அவர் முகத்தில் ஒரு பெருமை.

அந்த நாட்களில் நாடு முழுவதும் புகையில்லா அடுப்பைப் பற்றிய பேச்சு இருந்தது. வார்தாவில் காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் நிலையம் இருந்த மகன்வாடியில், 'மகன் அடுப்பு' என்ற புகையில்லா அடுப்பை உருவாக்கினார்கள். 1950-களில் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி.ராஜு மற்றொரு அடுப்பை அமைத்துக் கொடுத்தார். ஒரே நெருப்பில் இரண்டு மூன்று பாத்திரம் வேகும். மிஞ்சிய புகை, கூண்டு வழியே கூரைக்கு மேலே போய்விடும்.

பிறகு 1983-ல் மத்திய அரசு, நாடெங்கும் புகையில்லா அடுப்புப் போட ஒரு திட்டம் தொடங்கியது. 2002 வரை நடந்த அந்தத் திட்டத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் போடப்பட்டன. அந்தக் காலத்தில்தான் இந்த வீட்டுக் கூண்டின் மேல் பாதி இடிந்து போய், அதற்குப் பதிலாக ஒரு சாம்பல் நிறக் குழாய் பொருத்தப்பட்டது. அந்தக் குழாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர், மூன்று கட்சி

பாட்டியின் கட்சி: "விழுந்தது ஒரு கல். வைத்துப் பூசினால் சரியாகிவிடும்."

மகனின் கட்சி: "பூசினால் போதாது. இடித்துவிட்டுப் புதிதாக, நல்ல செங்கல்லில், உயரமாகக் கட்ட வேண்டும்."

மருமகளின் கட்சி: "கூண்டும் வேண்டாம், விறகு அடுப்பும் வேண்டாம். கியாஸ் அடுப்பு மூலையில் சும்மாதானே இருக்கிறது?"

அது உண்மை. 2006-ல் அமைந்த கலைஞர் கருணாநிதி ஆட்சியில், ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கியாஸ் அடுப்பு வழங்கப்பட்டது அல்லவா? அந்த அடுப்பு இந்த வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதில் பால் காய்ச்சுவதும் டீ போடுவதும்தான் நடக்கிறது. சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் விறகில்.

"கியாஸில் வைத்த சோறு சோறா?" என்றார் பாட்டி.

"ஆயா, நீங்கள் ராத்திரி இருமுவதில் எனக்குப் பாடம் படிக்க முடியவில்லை" என்றாள் பேத்தி. அவள் பத்தாம் வகுப்பு.

பாட்டி பேச்சை மாற்றினார். "மேஸ்திரி வரட்டும். அவர் சொல்வதைக் கேட்போம்" என்றார்.

ஊதுபத்தி வைத்தியம்

மறுநாள் காலை கொத்தனார் வந்தார். வயதானவர். பேச்சு குறைவு. முதலில் ஒரு பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, அடுப்பின் உள்வாயில் பிடித்தார். பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, அடுப்பு வாய்க்கு நேரே வைத்தார்.

"நல்ல கூண்டாக இருந்தால் இந்தப் புகையைக் குடிக்க வேண்டும்" என்றார்.

கூண்டு குடிக்கவில்லை. ஊதுபத்திப் புகை தயங்கி நின்றது. பிறகு எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது.

இதில் இருக்கும் சங்கதி எளியது. சூடான காற்று லேசானது, மேலே போகும். அது போன இடத்தை நிரப்ப, கீழே இருந்து காற்று உள்ளே இழுக்கப்படும். கூண்டு உயரமாகவும், உள்ளே வழுவழுப்பாகவும், விரிசல் இல்லாமலும் இருந்தால் இழுப்பு பலமாக இருக்கும். கூண்டு குளிர்ந்து கிடந்தாலும், கரி அடைத்தாலும், விரிசல் வழியே வெளிக்காற்று புகுந்தாலும் இழுப்பு செத்துவிடும். கூண்டைச் சூடாக்கத்தான் முதலில் காகிதம் கொளுத்தினார்.

பிறகு ஏணி வைத்துக் கூரை மேல் ஏறினார். இறங்கி வந்து நான்கு குற்றங்களைச் சொன்னார்.

முதல் குற்றம், உயரம். கூண்டின் வாய் கூரைக்கு மேலே குறைந்தது 3 அடியாவது நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பக்கத்தில் உயரமான சுவர் இருந்தால் அதையும் தாண்டி நிற்க வேண்டும். இது கட்டியபோது போதுமான உயரமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துவிட்டார். அந்தச் சுவரில் மோதும் காற்று, புகையைக் கீழே அமுக்குகிறது.

இரண்டாவது, கரி. உள்ளே ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. 3 மில்லி மீட்டர் கனம் படிந்தாலே சுரண்டிவிட வேண்டும். அந்தக் கரியே ஒரு விறகு. ஒருநாள் தீப்பொறி பட்டால் கூண்டுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, கூண்டு ஓட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் இடத்தில் விரிசல். மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கி, களிமண்ணைக் கரைத்திருக்கிறது.

நான்காவது குற்றத்தை அவர் வாயால் சொல்லவில்லை. ஒரு துண்டு மரத்தை மகனிடம் நீட்டினார். விரிசலுக்கு அருகே கூரையைத் தாங்கும் பனஞ்சட்டத்திலிருந்து பெயர்த்தது. அது கரிக்கட்டையாக இருந்தது.

"இது எரிந்து அணைந்திருக்கிறது. எத்தனை தடவை என்று தெரியாது" என்றார் கொத்தனார்.

மகன் அந்தக் கரித்துண்டையும் கூடத்தில் இருந்த தறியையும் மாறி மாறிப் பார்த்தார். தறியில் பாதி நெய்த சேலை. பாவும் ஜரிகையும் அவருடையவை அல்ல. நெய்யக் கொடுத்த முதலாளியுடையவை. கூரை பற்றினால் வீடு மட்டுமா போகும்? தீராத கடனும் வந்து சேரும்.

சேலைக் கணக்கு

கொத்தனார் இரண்டு தொகை சொன்னார். பூசுவதற்கு, ஒரு சேலைக் கூலியில் பாதி ஆகும். இடித்துவிட்டு உயரமாகக் கட்ட, இரண்டு சேலைக் கூலிக்கு மேலே ஆகும். நெசவாளர் வீட்டில் ரூபாய்க்கு முன்னால் சேலைதான் கணக்கு.

"பூசினால் எத்தனை நாள் தாங்கும்?" என்று மகன் கேட்டார்.

"மேலே பூசலாம். உள்ளே கரைந்த மண்ணுக்கு நான் என்ன செய்வேன்? ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிர்ஷ்டம்."

பாட்டியின் கட்சி இதோடு தோற்றது.

"அப்படியானால் புதிதாகவே கட்டிவிடுவோம்" என்றார் மகன்.

அப்போதுதான் மருமகள் ஒரு கேள்வி கேட்டார். "கட்டுவது இருக்கட்டும். வருஷா வருஷம் அதைச் சுத்தம் செய்யப் போவது யார்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

பாட்டிதான் மெதுவாகச் சொன்னார். "அவர் இருந்தவரைக்கும் போகிக்கு முந்தின நாள் கூரை மேல் ஏறி, கயிற்றில் தென்னம்மட்டையைக் கட்டி உள்ளே விட்டு இழுப்பார். அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது."

பதினான்கு போகி வந்து போயிற்று. ஒருவரும் கூரை மேல் ஏறவில்லை!

ஒடிசாவில் கண்டது

இது இந்த ஒரு வீட்டின் குறை அல்ல. ஒடிசா மாநிலத்தில் 44 கிராமங்களில் இதை நான்கு ஆண்டு கவனித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே சுமார் 2,600 குடும்பங்களைக் கணக்கில் எடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சில குடும்பங்களுக்கு முதலிலும், மற்றவர்களுக்குப் பின்னாலும், புகைக்கூண்டு வைத்த மண் அடுப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆராய்ந்தவர்கள் ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளாதார நிபுணர்கள். இவர்களில் எஸ்தர் டஃப்லோ 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்.

முதல் வருஷம் சமைக்கும் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த வருஷங்களில் அந்தப் பலன் மறைந்துவிட்டது. விறகுச் செலவும் குறையவில்லை. இருமலும் குறையவில்லை.

காரணம் என்ன? அடுப்பில் விரிசல் விழுந்தது. அதை யாரும் பூசவில்லை. கூண்டில் கரி அடைத்தது, யாரும் எடுக்கவில்லை. பலர் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள். கூண்டைக் கட்ட நான்கு நாள் போதும். அதைப் பராமரிக்க, வீடு இருக்கும் வரைக்கும் ஓர் ஆள் வேண்டும்.

லண்டன் கற்ற பாடம்

"சரி, நானே வருஷா வருஷம் ஏறிச் சுத்தம் செய்கிறேன். அப்போது என்ன?" என்றார் மகன். விடாப்பிடியான மனிதர்!

நல்ல கேள்விதான். இதற்குப் பதில் லண்டனில் இருக்கிறது. குளிர் நாடுகளில் புகைக்கூண்டு இல்லாத வீடு அந்நாளில் கிடையாது. அறைக்கு அறை கணப்பு இருக்கும். அதில் நிலக்கரி எரியும். ஊரெங்கும் கூண்டுகள் நன்றாகவே வேலை செய்தன.

1952-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி லண்டனில் காற்று அசையாமல் நின்றது. லட்சக்கணக்கான கூண்டுகள் வெளியே தள்ளிய புகை, பனியோடு கலந்து ஊர் மேல் படுத்துக்கொண்டது. ஐந்து நாள் அப்படியே கிடந்தது. பட்டப்பகலில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். 12,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சிகள் கூறின.

வீட்டுக்குள் புகை இல்லை. இருந்தும் மக்கள் புகையால் செத்தார்கள்! கூண்டு புகையை அழிப்பது இல்லை. இடம் மாற்றி வைக்கிறது.

1956-ல் பிரிட்டன் 'சுத்தமான காற்றுச் சட்டம்' கொண்டுவந்தது. கூண்டை உயர்த்திக் கட்டுங்கள் என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. புகை தடை செய்யப்பட்ட பகுதிகளில், பழைய கணப்பை மாற்றிப் புகையில்லாத எரிபொருளுக்கு வீடுகளைத் திருப்பினார்கள். அதற்கு ஆகும் செலவில் பத்தில் ஏழு பங்கை உள்ளூராட்சியே கொடுத்தது.

தேசூரில் லண்டன் மூட்டம் வரப்போவது இல்லை. ஆனால் தெரு குறுகல். இந்த வீட்டுக் கூண்டு கக்கும் புகை, பக்கத்து வீட்டுத் தறி மேல் போய்ப் படியும். பக்கத்து வீட்டுப் புகை இங்கே வரும்.

உலகம் முழுவதும், வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதிலும் பெண்களும் குழந்தைகளுமே அதிகம் சிரமப்படுகிறார்கள். அடுப்பருகே இருப்பவர்கள் அவர்கள்தானே?

விழுப்புரத்தில் நடந்த சோதனை

கியாஸுக்கு மாறினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இதையும் சோதித்திருக்கிறார்கள். அதுவும் நம் பக்கத்திலேயே!

விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் சுமார் 800 கர்ப்பிணிப் பெண்கள் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் இதை நடத்தியது. இதே நேரத்தில் குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் நடந்தது. மொத்தம் 3,200 பெண்கள். பாதிப்பேருக்கு கியாஸ் அடுப்பும் சிலிண்டரும் சுமார் 18 மாதம் இலவசம். மீதிப்பேர் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள்.

பெண்கள் உடலிலேயே ஒரு சிறு கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் நுண்தூசியை அளந்தார்கள். விறகில் சமைத்தவர்களுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 71 மைக்ரோகிராம். கியாஸில் சமைத்தவர்களுக்கு சுமார் 24. மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது.

ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. 2022-ல் இந்த முடிவை வெளியிட்டார்கள். ஆகவே, கியாஸ் வந்தால் எல்லா நோயும் பறந்துவிடும் என்று நான் எழுத மாட்டேன். வீட்டுக்குள் புகை வெகுவாகக் குறையும். கண் எரிச்சல் போகும். பாவு மீது கரி படியாது. இவ்வளவும் நிச்சயம்.

பாட்டியின் கணக்கு

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி கடைசியில் வாயைத் திறந்தார். சோற்று ருசியைப் பற்றிப் பேசவே இல்லை.

"தம்பி, சிலிண்டர் தீர்ந்துபோகும் தேதியும் சேலை முடிகிற தேதியும் ஒன்றாக வராது. சேலையைக் கொடுத்தால்தான் கூலி. அது பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். நடுவில் சிலிண்டர் தீர்ந்தால்? விறகு அப்படி அல்ல. வேலிக்காத்தான் முள்ளை வெட்டினால் சோறு வேகும். கூண்டை இடித்துவிட்டு, ஒருநாள் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்கிறாயா?"

பாட்டி விறகு அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுவதாக நினைத்திருந்தோம். அவர் பயந்தது பசிக்கு!

நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் கியாஸ் அடுப்பு இருந்தும் விறகு எரிவதற்கு இதுவே முக்கிய காரணம். 2016-ல் மத்திய அரசின் 'உஜ்வாலா' திட்டம் தொடங்கி, ஏழைப் பெண்கள் பெயரில் கோடிக்கணக்கான இணைப்புகள் கொடுக்கப்பட்டன. இணைப்பு ஒருமுறை வாங்குவது. சிலிண்டரோ திரும்பத் திரும்ப வாங்குவது. தினக்கூலி, துண்டுக்கூலிக் குடும்பங்களுக்கு அதுதான் மலை.

மருமகள் எழுந்து போனார். ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பாட்டியின் மடியில் வைத்தார்.

"அத்தை, சேலைக் கூலி வந்ததும் சிலிண்டருக்கு உண்டான பணம் முதலில் இதில் விழும். சாவி உங்கள் இடுப்பில். பிறகுதான் மற்றச் செலவு. கூண்டு கட்டுகிற பணத்தில் இரண்டாவது சிலிண்டருக்கு எழுதிவைப்போம். ஒன்று தீர்ந்தால் மற்றொன்று இருக்கும்."

பாட்டி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொங்கலுக்கு?" என்றார்.

"பொங்கல் விறகில்தான். கொல்லையில்."

தீர்ப்பு

வழக்கு முடிந்தது. முடிவு இதுதான்.

கூண்டை இடிப்பது. வீட்டுக்குள் விறகு எரிப்பதை நிறுத்துவது. தினச் சமையல் கியாஸில். வெந்நீர், பொங்கல், விருந்துச் சமையல் ஆகியவற்றுக்குக் கொல்லையில், சுவரை விட்டுத் தள்ளி, ஒரு சிறு கொட்டகையில் விறகு அடுப்பு. கூண்டு இருந்த இடத்தில் கரிந்த சட்டத்தை மாற்றிவிட்டு, கண்ணாடி ஓடு ஒன்றைப் பதிப்பது. அடுப்பங்கரைக்கு வெளிச்சம் வரும்.

எல்லா வீட்டுக்கும் இதே தீர்ப்பு என்று சொல்ல வரவில்லை. சிலிண்டர் வாங்க வழியே இல்லாத வீட்டில், கூண்டு இல்லாமல் விறகு எரிப்பதைவிடக் கூண்டோடு எரிப்பது ஆயிரம் மடங்கு மேல். அப்படிப்பட்டவர்கள் கூண்டைப் பழுது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கொத்தனாரைக் கூப்பிடும் முன்பு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனை வருஷம் வீட்டுக்குள் விறகு எரிக்கப் போகிறோம்? வருஷா வருஷம் கூரை மேல் ஏறப்போவது யார்?

கூண்டை வைத்துக்கொள்கிறவர்களுக்கு

மழைக்கு முன்னும் போகிக்கு முன்னும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கரியை எடுங்கள். அடுப்பு முழுதும் ஆறிய பிறகே எடுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் குளித்துவிடுங்கள். கரி தோலில் ஊறினால் புற்றுநோய் வரும் என்று 1775-லேயே லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட் கண்டு சொன்னார். புகைக்கூண்டு சுத்தம் செய்யும் தொழிலாளிகளிடம் கண்டது அது.

ஊதுபத்திச் சோதனையை மாதம் ஒரு தடவை செய்யுங்கள். ஈர விறகை எரிக்காதீர்கள். கூண்டு ஓலையையோ மரத்தையோ தொட்டுக்கொண்டு போகக் கூடாது.

கூண்டை இடிக்கிறவர்களுக்கு

சாம்பல் நிறக் குழாய் ஒன்றைப் பற்றிச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? அரசாங்கத் திட்டத்தில் போட்ட குழாய்களில் பல, கல்நார் கலந்த சிமெண்டுக் குழாய்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோமே, அது. சும்மா இருக்கும்வரை அதனால் தொல்லை குறைவு. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி பறக்கும். நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும்.

ஆகவே அந்தக் குழாயைச் சுத்தியலால் தட்டாதீர்கள். ரம்பத்தால் அறுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றுங்கள். உடைந்த துண்டு இருந்தால் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டு ஒப்படையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கியாஸுக்கு மாறுகிறவர்களுக்கு

சிலிண்டர் இருக்கும் அறையில் விறகு அடுப்பு எரியக் கூடாது. இதுவே முதல் விதி. சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் தவழும். ஆகவே தரைக்கு அருகே காற்று போக வழி இருக்க வேண்டும். சிலிண்டரை நிறுத்தியே வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் வாங்கக் கை கடித்தால், 5 கிலோ சிலிண்டரும் உண்டு. ஏஜென்சியில் கேளுங்கள்.

ஒரு செங்கல்

கூண்டை இடிக்கும் அன்று நானும் இருந்தேன். கொத்தனார் குழாயை நனைத்து, பதமாகக் கழற்றி இறக்கினார். பிறகு செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சுட்ட மண் வாசனையும் பழைய புகை வாசனையும் வீடெல்லாம் நிறைந்தது. கூடத்தில் தறியைப் பழைய வேட்டிகளால் போர்த்தியிருந்தார்கள்.

பாட்டி ஒரு செங்கல்லைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அதன் ஒரு பக்கத்தில் ஈர மண்ணில் பதிந்த கைவிரல் தடம் இருந்தது.

"சூளைக்காரன் கையா, அவர் கையா, யார் கண்டது?" என்றார்.

மாலையில் கொல்லை அடுப்பைக் கட்டினார்கள். பழைய செங்கற்களையே போட்டார்கள். பாட்டி அந்தக் கல்லை அடுப்பின் முகப்பில், தடம் வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னார்.

அன்று ராத்திரிச் சோறு கியாஸில் வெந்தது. பாட்டி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"உப்பு குறைச்சல்" என்றார் பாட்டி.

அதைத் தவிர வேறு குற்றம் சொல்லவில்லை.